டின் மீனும் என் நாத்தனாரும்

1

ஊரில் இருக்கிறவர்களுக்கு முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இது பழிவாங்கிய கதை. மன்னித்த கதைதான் வேண்டும் என்கிறவர்கள் கோயில் பத்திரிகையில் தேடிக்கொள்ளுங்கள்.

நான் எட்டாவதோடு படிப்பை விட்டவள். தூத்துக்குடிப் பக்கம் கடற்கரை ஊர். பள்ளிக்கூடம் போன வயதில் பாதியை இறால் கம்பெனியில் தலை கிள்ளிக் கழித்தேன். கல்யாணமாகிப் பினாங்கு வந்து, இப்போது ஜெலுத்தோங்கில் ஒரு அடுக்குமாடியில் எங்கள் குடித்தனம். என் வீட்டுக்காரர் சேவியர் கடலுக்கு அந்தக் கரையில், பிறை என்கிற ஊரில், ஒரு தொழிற்சாலையில் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுகிறார். விடிவதற்குள் மோட்டார்சைக்கிளில் பாலத்தைக் கடந்து போவார். கடந்துவிட்டேன் என்று அவர் மெசேஜ் போடும் வரைக்கும் எனக்குக் காப்பி இறங்காது. பாலத்தில் காற்று அடிக்கும், லாரி உரசும், மழை வழுக்கும். இன்றைக்குப் பயப்பட ஒன்றுமில்லை என்று ஒரு நாளும் எனக்கு விடிந்ததில்லை.

டின் மீனிலும் அப்படித்தான். கடையில் எடுத்ததும் மூடியை அழுத்திப் பார்ப்பேன். உப்பியிருக்கிறதா, விளிம்பு நசுங்கியிருக்கிறதா, அடியில் துரு பிடித்திருக்கிறதா, தேதி தாண்டிவிட்டதா என்று அங்கே ஒரு தடவை, வீட்டுக்கு வந்து இன்னொரு தடவை. மிச்சம் இருந்தால் திறந்த டின்னிலேயே விடமாட்டேன், கண்ணாடிக் கிண்ணத்துக்கு மாற்றிவிடுவேன். மளிகைக் கடைச் சீனர் என்னைக் கண்டாலே சுகாதார ஆபீஸர் வந்தாச்சு என்று மலாயில் கத்துவார்.

ஊரில் என் அம்மாவுக்கு இது தீராத சிரிப்பு. "கடக்கரையில பொறந்தவ டப்பாவுல மீன் திங்கிறாளாம், கேட்டியளா" என்று பக்கத்து வீட்டுக்காரியிடம் சொல்வது எனக்குப் போனில் கேட்கும். அம்மாவுக்கு எப்படிப் புரியவைப்பது? இங்கேயும் சௌரஸ்தா பாசாரில் கண் மின்னுகிற மீன் இருக்கிறது. ஆனால் ஷிஃப்ட் மாறி மாறி வருகிற வீட்டில் மீன் கெட்டுப்போகும், டின் காத்திருக்கும். தக்காளிச் சாற்றில் கிடக்கிற சார்டினை, அது நம் ஊர்ச் சாளைக்குச் சொந்தக்கார மீன்தான், வெங்காயமும் மிளகாயும் வதக்கிப் போட்டுக் கிளறினால் சோறு தானாக உள்ளே போகும். இந்த ஊரில் மலாய்க்காரர், சீனர், தமிழர் எல்லார் வீட்டு அலமாரியிலும் ரெண்டு டின் இருக்கும். என் நாத்தனார் வீட்டில் மட்டும் இருக்காது.

2

நாத்தனார் பெயர் பிலோமினா. சேவியருக்கு மூத்த அக்கா. ஆங்கில ஆசிரியையாக இருந்து ஓய்வு பெற்றவர். தஞ்சோங் பூங்காவில் கடலைப் பார்த்த மாதிரி வீடு. புருஷன் இல்லை, ஒரே மகன் ஆஸ்திரேலியாவில். இதையெல்லாம் படித்துவிட்டு யாரும் அவர்மேல் இரக்கப்பட வேண்டாம், கொஞ்சம் பொறுங்கள்.

வந்த புதிதில் வருடா வருடம், இந்த நாட்டில் தங்குவதற்கான பாஸை எனக்குப் புதுப்பிக்க வேண்டும். காலையில் குடிநுழைவு ஆபீஸில் நம்பர் எடுத்து உட்கார்ந்தால், கூப்பிடும்போது கொண்டுபோன தண்ணீர் சூடாகியிருக்கும். கூப்பிட்டு, இந்தப் பேப்பர் இல்லை, அந்த நகல் தெளிவாக இல்லை என்பார்கள். அப்படி ஒரு தடவை, நாங்கள் நிஜமாகவே குடும்பம் நடத்துகிறோமா, பாஸுக்காகக் கட்டிக்கொண்டோமா என்று பார்ப்பதற்காக எங்களைத் தனித்தனி அறையில் உட்கார வைத்துக் கேள்வி கேட்டார்கள். படுக்கை எந்தப் பக்கம், குழம்புக்குத் தேங்காய் யார் துருவுவது என்கிற மாதிரிக் கேள்விகள். கடைசியில், நேற்று ராத்திரி என்ன சாப்பிட்டீர்கள் என்று ஆபீஸர் கேட்டார்.

நான் சார்டின் என்றேன். என் மலாயை நம்பாமல் டின்னைத் திறப்பது போலக் கையாலும் செய்து காட்டினேன். அடுத்த அறையில் என் புருஷன் தெங்கிரி மீன் குழம்பு என்று சொல்லியிருக்கிறார். தெங்கிரி என்றால் நம் ஊர்ச் சீலா. வாழைக்காய் போட்டு வைத்தாள் என்றுகூடச் சொல்லியிருக்கிறார்.

அவராகச் சொல்லவில்லை. சாட்சிக்கு என்று கூடவே வந்திருந்த பிலோமினா அக்கா, வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருந்தபோதே தம்பிக்குப் பாடம் நடத்தியிருக்கிறார். டின் மீன் என்று சொன்னால் உன்னைப் பெண்டாட்டிக்குச் சோறு போடத் துப்பில்லாதவன் என்று நினைப்பார்கள், நல்ல மீனாகச் சொல்லு என்று.

ரெண்டு பதிலும் ஒத்துவரவில்லை. இன்னும் அத்தாட்சி கொண்டு வா, கல்யாணப் படம் கொண்டு வா, அக்கம்பக்கத்தார் சொல்லட்டும் என்று இழுத்துவிட்டார்கள். அப்போது ஷரோன் என் வயிற்றில். திருப்பி அனுப்பிவிடுவார்களோ, பிள்ளையை விமானத்தில் பெறுவேனோ என்று நான் பயந்த பயம் கொஞ்சமில்லை. கதவு தட்டினால் குளியலறையில் ஒளிந்துகொள்வேன். அக்காவிடம் ஒருநாள் இதைக் கேட்டே விட்டேன். உன் மானத்தைக் காப்பாற்றத்தானே சொன்னேன் என்றார், சாதாரணமாக. நிரந்தர வாசிக்கான சிவப்பு ஐசி என் கைக்கு வந்தபோது ஷரோன் ஆறாவது முடித்துவிட்டாள். கார்டு வந்த பிறகும் அந்த மானத்தை நான் மறக்கவில்லை.

3

எங்கள் கோயிலில் தவக்கால வெள்ளிக்கிழமைகளில் சிலுவைப்பாதை முடிந்ததும் மண்டபத்தில் கஞ்சி ஊற்றுவார்கள். வாரம் ஒரு அன்பியம் பொறுப்பு. பக்கத்துப் பக்கத்துக் குடும்பங்கள் சேர்ந்த குழுதான் அன்பியம். அன்றைக்கு இறைச்சி கூடாது, மீன் கூடும். தொட்டுக்கொள்ள வீட்டுக்கு ஒரு சட்டி. பிலோமினா அக்கா வீடு மாறிப் போன பிறகும் எங்கள் அன்பியத்தின் தலைவியாகவே இருந்தார். கரண்டி அவர் கையில்தான்.

ரெண்டு வருடத்துக்கு முன் எங்கள் முறை வந்தது. நான் சார்டின் சம்பல் செய்து கொண்டுபோனேன். தவக்காலத்துக்கு எளிய சாப்பாடுதானே பொருத்தம் என்பது என் கணக்கு. அக்கா சால்மன் கட்லட் கொண்டுவந்திருந்தார். என் சட்டியைத் திறந்து பார்த்தார்.

"தவக்காலத்துல தவம் பண்ணச் சொன்னாங்க ரீத்தா. பூனைக்குப் போடறத சாப்பிடச் சொல்லலை லா."

மண்டபம் சிரித்தது. சிலுவைப்பாதையில் மூன்று தடவை விழுந்தவருக்காக முட்டி போட்டுவிட்டு வந்த வாய்கள்தான். அக்கா என் சட்டியைத் தட்டால் மூடி, மேசைக்கு அடியில் தண்ணீர்த் தொட்டி பக்கத்தில் தள்ளி வைத்தார். அதையெல்லாம்கூடத் தாங்கிக்கொள்ளலாம். என் பக்கத்தில் நின்ற ஷரோன் தன் கிண்ணத்தில் எடுத்து வைத்திருந்த சார்டினைக் கரண்டியால் ஓரமாக ஒதுக்கினாள். அத்தையின் கட்லட்டை எடுத்துக்கொண்டாள்.

அதற்குப் பிறகு வீட்டில் டின் திறந்தால் அவள் முட்டை பொரித்துக்கொள்வாள். தமிழில் கேட்டால் ஆங்கிலத்தில் பதில் வரும். மெசேஜ் அனுப்பினால் கட்டைவிரல் படம் வரும். நான்காம் படிவம், அதாவது நம் ஊர்ப் பத்தாவது மாதிரி, போனதும் அத்தை வீட்டுக்கே போய்விட்டாள். எஸ்பிஎம் பரீட்சை முடியும்வரை அங்கேயே இருக்கட்டும், ஆங்கிலம் நான் பார்த்துக்கொள்கிறேன், ஏர்கோண்ட் போட்ட தனி ரூம் என்று அக்கா கேட்டார். எட்டாவது படித்தவள் என்ன சொல்லி மறுப்பது? பையைக் கட்டிக் கொடுத்தேன். வாசலில் வைத்து அக்கா பிள்ளையின் மணிக்கட்டைப் பிடித்துப் பார்த்து, ஏன் இவ்வளவு ஒல்லி, சின்ன வயதில் இவளுக்கு என்னத்தைப் போட்டாய் என்று கேட்டார்.

அந்தக் கேள்வி என்னோடேயே குடியிருந்தது. போனில் வருகிறதையெல்லாம் நம்புகிற ஆள் நான். டின் மீனில் பாதரசம், டின்னுக்கு உள்பூச்சில் விஷம், சத்தெல்லாம் செத்துப்போனது என்று யார் யாரோ அனுப்புவார்கள். நான்தான் என் பிள்ளையைக் கெடுத்தேனோ? படுத்தால் இதுதான். எழுந்தாலும் இதுதான்.

4

இந்த வருடம் பள்ளித் திடலில் வரிசையில் நின்றுகொண்டிருந்த ஷரோன் மயங்கி விழுந்துவிட்டாள். பள்ளியிலிருந்து முதலில் அத்தைக்குத்தான் போன் போனது. பொறுப்பாளர் என்று அவர் நம்பரைக் கொடுத்திருக்கிறார்கள். எனக்கு அத்தை சொல்லித்தான் தெரியும்.

அரசாங்கக் கிளினிக்கில் ரத்தம் எடுத்துப் பார்த்தார்கள். ரத்தத்தில் இரும்புச் சத்து ரொம்பக் குறைவு. டாக்டர் மாத்திரை கொடுத்து, சாப்பாட்டைப் பற்றி ஆலோசனை சொல்கிற அதிகாரியிடம் ஒரு நாள் வரச் சொன்னார். அந்த நாளில் அக்கா காரில் ஷரோனைக் கூட்டி வந்தார். நான் பஸ்ஸில் போனேன். பையில் என் ஐசி, அவள் பிறப்புப் பத்திரம், எங்கள் கல்யாணப் பத்திரம். எதைக் கேட்பார்களோ யார் கண்டது?

உள்ளே தலைக்கு முக்காடு கட்டிய சின்ன வயது மலாய்ப் பெண் இருந்தாள். மேசையில் பிளாஸ்டிக்கில் செய்த கோழிக்கால், சோறு, கீரை, ஒரு மீன். அக்கா முந்திக்கொண்டு ஆங்கிலத்தில் பேசினார். அவள் மரியாதையாகக் கேட்டுவிட்டு ஷரோனைத் திரும்பிப் பார்த்து, நீ சொல்லு என்றாள். காலையில் பச்சை ஜூஸ். பள்ளியில் ஒன்றுமில்லை. சாயந்தரம் சாலட், ஓட்ஸ், சில நாள் சால்மன். தூக்கம் வராமல் படிக்கத் தேத்தண்ணி. எப்போது குடிப்பாய் என்று கேட்டாள். சாப்பாட்டோடுதான், அத்தை நல்லா திக்காகப் போட்டுத் தருவாங்க என்றாள் ஷரோன்.

அதிகாரி பேனாவைக் கீழே வைத்தாள். சாப்பாட்டோடு தேத்தண்ணி குடித்தால் உணவில் இருக்கிற இரும்பை உடம்பு சரியாக எடுத்துக்கொள்ளாது, அதுவும் இவ்வளவு கொஞ்சமாகச் சாப்பிடுகிற பிள்ளைக்கு என்றாள். பிறகு என்னைப் பார்த்தாள். உங்கள் வீட்டில் இருந்தபோது அதிகம் என்ன சாப்பிட்டாள்?

எனக்கு அந்தப் பாஸ் ஆபீஸ் அறை ஞாபகம் வந்துவிட்டது. நல்ல மீனாகச் சொல்லிவிடலாமா என்று ஒரு கணம் நினைத்தேன். அக்கா என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"சார்டின்," என்றேன். "டின் சார்டின்."

அக்கா பெருமூச்சு விட்டார். அந்தப் பெண் சிரித்தாள். "பாகுஸ், புவான்," என்றாள். நல்லது அம்மா என்று அர்த்தம்.

அவள் சொன்னதை எனக்குப் புரிந்த வரைக்கும் எழுதுகிறேன், ஊரில் யாருக்காவது உதவும். டின் மீனில் புரதம் குறைந்துபோவதில்லை. இதயத்துக்கு நல்லதான மீன் கொழுப்பு அதில் இருக்கிறது. டின்னில் வேகிறபோது முள்ளும் நடு எலும்பும் மெத்தென்று ஆகிவிடும், அதை எடுக்காமல் தின்றால் சுண்ணாம்புச் சத்து. ரத்தத்துக்கு வேண்டியதும் கொஞ்சம் உண்டு. சின்ன மீனாக இருப்பதால் பெரிய மீன் அளவுக்குப் பாதரசப் பயம் இல்லை. ஆனால் உப்பு அதிகம், அதனால் சாற்றில் பாதியை வடித்துவிட வேண்டும், மேலே உப்புப் போடக் கூடாது. வாரத்துக்கு ரெண்டு மூன்று தடவை போதும். அதோடு கீரை, முட்டை, பருப்பு, எலுமிச்சை எல்லாம் வேண்டும், டின் மீன் ஒன்றே ரத்தத்தை ஏற்றிவிடாது, மாத்திரையை விடக் கூடாது என்றாள். இந்தக் கடைசிப் பகுதி அன்றைக்கு என் காதில் விழுந்ததே தவிர மனதில் ஏறவில்லை.

நான் எல்லாவற்றையும் கேட்டேன். உள்பூச்சைக் கேட்டேன், துருவைக் கேட்டேன். கடைசியில், இவள் ஒல்லியாக இருப்பதற்கு நான் போட்ட டின் மீன்தான் காரணமா என்று கேட்டேன்.

இல்லை என்றாள்.

சரியாகக் கேட்கவில்லை என்றேன். கேட்டிருந்தது. மறுபடியும் இல்லை என்றாள். அதை அவள் சொல்லும்போது நான் அவளைப் பார்க்கவில்லை, அக்காவைப் பார்த்தேன். அக்கா தன் கைப்பையின் வாரைச் சரிசெய்துகொண்டிருந்தார். அந்த நிமிடம் எனக்குக் கிடைத்த சுகத்தை எந்தத் திருநாளிலும் நான் அனுபவித்ததில்லை. ஒரே குறை, அறையில் ஆள் போதவில்லை. இந்தக் காட்சிக்கு மண்டபம் நிறையக் கூட்டம் இருந்திருக்க வேண்டும்.

வெளியே மருந்துக்குக் காத்திருக்கும்போது ஷரோன் மெல்லச் சொன்னாள். "நீங்க சிரிச்சீங்கம்மா. என் ரத்தம் குறைவுன்னு பேசிக்கிட்டு இருக்காங்க, நீங்க சிரிக்கிறீங்க."

அது வேறு சிரிப்பு என்று சொல்ல வாயெடுத்தேன். அதற்குள் அவள் நம்பரைக் கூப்பிட்டுவிட்டார்கள்.

5

கூட்டம் இல்லாத குறையைத் தவக்காலம் தீர்த்தது. எங்கள் அன்பியத்தின் வெள்ளிக்கிழமை வந்ததும் போன தடவையைவிடப் பெரிய சட்டியை எடுத்தேன். சேவியர் அதைப் பார்த்து, வேண்டாம் ரீத்தா, கஞ்சி குடிக்கிற இடம் அது என்றார். சட்டியை அவர் கையிலேயே கொடுத்துத் தூக்கி வரச் சொன்னேன்.

அக்கா கரண்டியோடு நின்றார். பெண்கள் வரிசையாக வந்தார்கள். அன்றைக்குச் சிரித்த வாய்கள் எல்லாம் வந்து சேரும்வரை பொறுமையாக இருந்துவிட்டு, நான் சட்டியைத் திறந்தேன்.

"டின் மீன் தின்ன வரைக்கும் எம் பிள்ளைக்கு ரத்தம் இருந்துச்சு. சாலட்டும் தேத்தண்ணியும் குடுத்த வீட்டுலதான் ரத்தம் குறைஞ்சு, பள்ளிக்கூடத்துல விழுந்தா. நான் சொல்லல, கவர்மெண்ட் கிளினிக்கு சொல்லுது."

ஒருத்தி மெதுவாக என் சட்டியிலிருந்து ஒரு துண்டு எடுத்துக்கொண்டாள். அக்காவின் கரண்டி கஞ்சிப் பானைக்கு மேலே நின்றது. அவர் முகவாய் ஆடியது. நான் அதைப் பார்த்தேன், நன்றாகப் பார்த்தேன், திருப்தியாகப் பார்த்தேன். பிறகு அவர், கஞ்சி ஆறுகிறது, எல்லாரும் எடுத்துக்கொள்ளுங்கள் என்று மட்டும் சொன்னார்.

ஷரோன் எனக்குப் பின்னால் நிற்கிறாள் என்று எனக்குத் தெரியாது. தெரிந்திருந்தாலும் சொல்லியிருப்பேனோ என்னவோ.

"அது என் ரத்தம்மா," என்றாள். சத்தமாகக்கூடச் சொல்லவில்லை. "அத வச்சு நீங்க ஏன் சண்டை போடறீங்க?"

கிண்ணத்தை வைத்துவிட்டு அத்தையின் காருக்குப் போய் உட்கார்ந்துகொண்டாள்.

திரும்பும்போது வழியில் சிவப்பு விளக்கில் சேவியர் வண்டியை நிறுத்தினார். ஜெயித்துவிட்டாய், சந்தோஷமா என்று தலையைத் திருப்பாமல் கேட்டார். ஆமாம் என்றேன். பொய் இல்லை. ஆனால் வீட்டு லிஃப்ட்டில் ஏறும்போது சட்டி ரொம்பக் கனத்தது, முக்கால்வாசி காலியான பிறகும்.

6

அதற்குப் பிறகு பிள்ளையிடமிருந்து கட்டைவிரல் படம்கூட வரவில்லை. மாத்திரை போட்டாயா என்று கேட்டால் பார்த்ததற்கான நீலக்கோடு மட்டும் விழும். மறுபடி விழுந்துவிடுவாளோ, படியில் விழுவாளோ, ரோட்டில் விழுவாளோ என்று மனதுக்குள் நானே எல்லா இடத்திலும் விழுந்துகொண்டிருந்தேன்.

ஒரு மத்தியானம் பிலோமினா அக்கா போன் செய்தார். பிள்ளைக்கு என்னமோ ஆகிவிட்டது என்றுதான் எடுத்தேன்.

"ரீத்தா, அந்தச் சார்டின் எப்படிச் செய்வே?" என்றார். "பிள்ளை எதையும் சரியா சாப்பிட மாட்டேங்குது. செஞ்சு தரவான்னு கேட்டேன். தலையாட்டுச்சு."

நான் நாற்காலியில் உட்கார்ந்தேன். ரெண்டு வருடமாகத் தீட்டி வைத்திருந்த வாக்கியம் ஒன்று என்னிடம் இருந்தது. நல்லவளாக இருந்தால் அதை விழுங்கியிருப்பேன்.

"பூனைக்குப் போடறதுதானே அக்கா அது," என்றேன்.

போனை வைத்துவிட்டார் என்று நினைத்தேன். வைத்திருந்தால் என் வெற்றி முழுசாகியிருக்கும்.

"ம்," என்றார் அக்கா. "சொல்லு."

சொன்னேன். வேறு என்ன செய்ய? அந்த அம்மாவைப் பழிவாங்கலாம், அவர் கையால் சாப்பிடப்போவது என் பிள்ளை. சாற்றில் பாதியை வடிக்கச் சொன்னேன். உப்புப் போட வேண்டாம் என்றேன். முள்ளை எடுக்கவே கூடாது, கரண்டியால் மசித்துவிடுங்கள், சத்து அதில்தான் என்றேன். எலுமிச்சை பிழியச் சொன்னேன். சாப்பிட்ட கையோடு தேத்தண்ணி கொடுத்துவிடாதீர்கள், நேரம் போகட்டும் என்றேன். டீச்சர் இல்லையா, ஒவ்வொன்றையும் திருப்பிச் சொல்லிச் சரிபார்த்துக்கொண்டார். அடுத்த வீட்டுப் பூனைக்குக்கூடச் சத்துக் குறையாத அளவுக்குச் சொல்லிக் கொடுத்தேன்.

ஒன்றை மட்டும் சொல்லவில்லை.

அடுப்பை அணைத்ததும் நான் அதில் புங்கா கந்தான் போடுவேன். இந்த ஊர்ப் பூ. இஞ்சிச் செடிக்குச் சொந்தக்காரச் செடியில் பூக்கிற இளஞ்சிவப்பு மொட்டு, லக்சா என்கிற நூடுல்ஸ் குழம்பில் மெல்லிசாக நறுக்கித் தூவுவார்கள். லக்சாவும் மீனில்தானே செய்கிறது என்று ஒருநாள் நானாகவே சார்டினில் போட்டுப் பார்த்தேன். சட்டியைச் சுற்றி ஒரு வாசம் எழும். சின்னதில் ஷரோன் அந்த வாசத்துக்காகவே அடுப்படியில் வந்து நிற்பாள். பினாங்கிலேயே பிறந்து வளர்ந்த அக்காவுக்கு, தூத்துக்குடிக்காரி சட்டியில் இந்தப் பூ இருக்கும் என்று தோன்றவே தோன்றாது. கறிவேப்பிலையில் தேடுவார், சோம்பில் தேடுவார், தேடட்டும். அதில் சத்து ஒன்றும் இல்லை. ருசி மட்டும்தான். பிள்ளைக்கு உடம்பு தேறட்டும், ஆனால் அந்த வீட்டில் முழு ருசி கிடைக்கக் கூடாது.

ரெண்டு வாரம் கழித்து ஒரு சனிக்கிழமை ஷரோன் வந்தாள். வருகிறேன் என்று சொல்லவில்லை, பேசவும் இல்லை. நேரே அடுப்படிக்குப் போய்ச் சார்டின் சட்டியைத் திறந்து, தட்டில் சோறு போட்டு, நின்றுகொண்டே சாப்பிட ஆரம்பித்தாள். முகத்தில் கொஞ்சம் நிறம் வந்திருந்தது. அந்த நிறத்துக்கு அத்தையும் காரணம் என்பதை நினைத்து எனக்கு எரிந்தது. ரெண்டாவது தடவை போட்டுக்கொண்டபோதுதான் வாய் திறந்தாள்.

"அத்தை நாலு தடவை செஞ்சுட்டாங்க. என்னமோ குறையுது, உங்கம்மா என்ன போடுவாங்கன்னு கேட்டுக்கிட்டே இருக்காங்க."

நான் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தேன். "எல்லாம் சொல்லிட்டேனே," என்றேன்.

"பூவைச் சொல்லலை நீங்க."

தண்ணீர்க் குழாயை மூடினேன். மண்டபத்தில் அவள் பேசிய மாதிரி இன்னொரு பேச்சு இப்போது வரப்போகிறது, வந்தால் வாங்கிக்கொள்ள வேண்டியதுதான் என்று திரும்பாமல் நின்றேன். அவள் தட்டில் சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தாள்.

"நானும் சொல்லலை," என்றாள்.